முந்நூறு ஓம் ஹெட்போன்

மார்ச் 2

என் வீட்டுக்காரிக்கு,

இதை எழுதுவது நான்தான். ஏதோ சின்னப் பிள்ளை கிறுக்கியது என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிடாதே. நீ கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போன மறுவாரமே, பஸ் டிப்போ மாடியில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். போனில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாய். என்னோடு ஒரு பெயிண்டர், ஒரு காய்கறி வண்டிக்காரர், ஒரு மாமியார், அவருடைய மருமகள். மருமகள் முதலில் வாசிக்கப் பழகிவிட்டாள். அன்றிலிருந்து மாமியார் வேறு பெஞ்சில் உட்காருகிறார்.

டீச்சரம்மா என் நோட்டைப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்க எழுதலை, ஆணி அடிக்கிறீங்க" என்றாள். ஆணிக் கம்பெனியில் வேலை பார்த்தவன் வேறு எப்படி எழுதுவான்? இந்தத் தாளைத் திருப்பித் தடவிப் பார். எழுத்தெல்லாம் விரலில் தட்டும்.

இப்போதெல்லாம் தெருவில் நேராக நடக்க முடியவில்லை. ஒவ்வொரு பலகையாக நின்று நின்று படிக்கிறேன். நம் வீட்டுக்கு எதிர்ச் சுவரில் 'இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்' என்று இத்தனை வருஷமாக எழுதியிருக்கிறதாமே! அதன் கீழேதான் தினமும் சைக்கிளை நிறுத்தினேன். நீயாவது சொல்லியிருக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போனில் நீ பேசுவது எனக்குக் கேட்பதில்லை. கத்திப் பேசினால் அடுக்குமாடி முழுக்கக் கேட்கிறது என்கிறாய். அதனால் எழுது. மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் ஓர் எழுத்தையும் விடமாட்டேன். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. மாடிப்படியில் ஏறுகிறேன், இறங்குகிறேன். கீழே பூட்டுக் கடைக்காரர், "என்ன பெரியவரே, எதையாவது தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்கிறார்.

இப்படிக்கு,
யார் உதவியும் இல்லாமல் எழுதிய நான்.


மார்ச் 9

உங்களுக்கு,

கடிதம் வந்தது. டீச்சரம்மா எழுதிக் கொடுத்ததோ என்று சந்தேகப்பட்டு, தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தேன். ஆணிதான். சந்தோஷம்.

ஆனால் நான் கோபித்துக்கொண்டு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது கோபம் இல்லை, அலுப்பு. ஆணி மெஷின் பக்கத்தில் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உங்கள் வேலையைப் பார்ப்பீர்கள். கம்பெனியில் அது சரி. வீட்டிலும் அதுதானே நடந்தது? குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால் கட்டை விரல். எங்கள் அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று சொன்னால் அதற்கும் கட்டை விரல். நீங்கள் ரிட்டயர் ஆகிவிட்டீர்கள், அந்த விரல் இன்னும் ஆகவில்லை.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். உங்கள் மகள் ஓர் அறையில் வெளிச் சத்தம் வராமல் சுவரெல்லாம் பஞ்சுத் தகடு ஒட்டி, அதற்குள் ஆட்களை உட்கார வைத்துப் புத்தகங்களைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்கிறாள். கண் தெரியாதவர்களும், வண்டி ஓட்டிக்கொண்டே கதை கேட்பவர்களும் வாங்குகிறார்களாம். ஒருநாள் படிக்க வேண்டிய பெண் வரவில்லை. "அம்மா, நீ சும்மா உட்காந்து படி, மைக்கைச் சரி பண்ணிக்கிறேன்" என்றாள். படித்தேன். அதைக் கேட்டுவிட்டு, அவளுக்கு வேலை தரும் கம்பெனி இப்போது என்னையே கேட்கிறது. ஒரு நீண்ட தொடர் கதையாம், அன்று நான் படித்தது அதன் முதல் அத்தியாயம். இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஒரு வருஷம் இங்கேதான்.

அதைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. அதனால் அந்த அத்தியாயத்தின் முடிவில் வாயால் சொல்லி வைத்திருக்கிறேன். மகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் சொன்னேன். அவள் அதைக் கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். ஒரு சின்ன பிளேயரில் போட்டு அனுப்புகிறேன். அதில் ஸ்பீக்கர் கிடையாது. "அப்பாவுக்கு மட்டமானது எதுக்கு? என்கிட்ட இருக்கறதுலயே நல்ல ஹெட்போனை அனுப்பறேன்" என்றாள். நீங்கள் தனியாக இருக்கும்போது கேளுங்கள். கடைசிவரை கேளுங்கள். பதில் எழுதுங்கள்.

நான்.


மார்ச் 16

என் வீட்டுக்காரிக்கு,

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். விமானம் ஓட்டப் போகிறவன் மாதிரி இருக்கிறேன். என்ன மெத்தை, என்ன கனம்! கழற்றவே மனம் வரவில்லை. பிளேயர் தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது. கூடவே ஒரு தடித்த பின் வந்திருக்கிறது, தங்க முலாம் பூசியது, பின்பக்கம் ஓட்டை. எதற்கென்று தெரியவில்லை. எழுதும்போது தாள் பறக்காமல் இருக்க மேலே வைத்துக்கொள்கிறேன். நல்ல கனம். மகளுக்கு நன்றி சொல்.

கதை கேட்டேன். மிகவும் உருக்கமாக இருந்தது. நீ நன்றாகப் படிக்கிறாய். கடைசியில் சொன்னதையும் கேட்டேன். எனக்குச் சம்மதம். அப்படியே செய்.

வகுப்பில் இப்போது செய்தித்தாள் படிக்கிறோம். பெயிண்டர் படங்களுக்குக் கீழே இருப்பதை மட்டும்தான் படிப்பாராம். காய்கறி வண்டிக்காரர் விலைகளை மட்டும் படிக்கிறார். நான் விளம்பரம் உட்பட எல்லாவற்றையும் படிக்கிறேன். வேறு செய்தி இல்லை. மழை வருவதுபோல் இருக்கிறது, வரவில்லை.

இப்படிக்கு,
நான்.


மார்ச் 22

உங்களுக்கு,

பதில் கிடைத்தது. மூன்று கொலை நடக்கும் துப்பறியும் கதை உங்களுக்கு உருக்கமாக இருந்தது என்பதும் தெரிந்தது. காதில் மாட்டிக்கொண்டு வழக்கம்போல் வேறு எதையோ யோசித்திருக்கிறீர்கள்.

இருந்தாலும் நான் கேட்டதற்குச் சம்மதம் என்று எழுதிவிட்டீர்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மகள், "ஏம்மா முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். பஞ்சு அறையில் காற்று குறைவு என்று சொன்னேன். அந்த அறையில் ஒரு சத்தமும் கிடையாது. உங்கள் ரேடியோ இரைச்சலில் இருந்துவிட்டு வந்தவளுக்கு, என் ரத்தம் ஓடுவதே கேட்கிறது. நடுநடுவே எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். அவள் திட்டுகிறாள்.

மாத்திரை மேல் தட்டில் இருக்கிறது. அதில் பெயர் எழுதியிருக்கிறேன், இப்போது நீங்களே படித்துக்கொள்ளலாம்.

நான்.


மார்ச் 27

என் வீட்டுக்காரிக்கு,

என்ன கையெழுத்து? எதற்கு நான் சம்மதித்தேன்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பிளேயரில் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினேன். யாரோ மூன்றாவது வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. குரல் உன்னுடையது என்று தெரிந்தது, வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. ஜன்னலைச் சாத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன். போர்வைக்குள் போய்க் கேட்டேன். முடிவில் அந்தக் குரலும் போய்விட்டது. நீ அங்கேதான் ஏதோ சொல்கிறாய் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

எனக்குக் காது போய்விட்டது என்று நினைத்துவிட்டேன். இத்தனை வருஷம் ஆணி மெஷின் தின்றது போக மிச்சம் இருந்ததும் போச்சு என்று பயந்துவிட்டேன். அதை உனக்கு எழுதினால், 'இவருக்கு இனி என்ன சொல்லி என்ன பிரயோஜனம்' என்று நீ விட்டுவிடுவாய். அதனால் கட்டை விரலைத் தூக்கிவிட்டேன். காகிதத்தில் தூக்கியது இதுதான் முதல் முறை. எழுதப் படித்ததற்கு நல்ல பலன்.

உன் கடிதம் வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கேயும் ஒரு ஹெட்போன் மாட்டி, கீச் கீச் என்று சத்தம் வைத்து, கேட்டால் பொத்தானை அமுக்கு என்றார்கள். கேட்காதபோதும் இரண்டு தரம் அமுக்கினேன். அந்த நர்ஸம்மா கண்டுபிடித்துவிட்டாள். "தாத்தா, இது பரிட்சை இல்ல. கேக்கலைன்னா கேக்கலைன்னு இருங்க" என்றாள். முடிவில் டாக்டர் சொன்னது, மெல்லிய கீச்சுச் சத்தங்கள்தான் போய்விட்டனவாம். பேச்சு கேட்குமாம். அவர்கள் ஹெட்போனில் நன்றாகக் கேட்டதே! உன் மகள் அனுப்பியதில் மட்டும் ஏன் கேட்கவில்லை?

நீ என்ன கேட்டாய்? உடனே எழுது. நான் எதற்குச் சம்மதித்தேன் என்று தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை. தபால்காரர் என்னைப் பார்த்தால் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடுகிறார்.

இப்படிக்கு,
நான்.


ஏப்ரல் 3

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் அழுதேன், பிறகு சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. கோபம் இன்னும் போகவில்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஹெட்போன் விஷயத்தை மட்டும் மகளிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அம்மா! தப்பு என்னோடது. அது முந்நூறு ஓம் ஹெட்போன். அந்தச் சுண்டைக்கா பிளேயர் அதை எப்படித் தள்ளும்?" என்றாள். ஓம் என்றால் என்ன என்று கேட்டேன். கரண்டுக்கு எவ்வளவு தடை என்பதற்கான அளவாம். ஹெட்போனுக்குள் தலைமுடியை விட மெல்லிசான கம்பியை நிறையச் சுற்றி வைத்திருப்பார்களாம். கம்பி உங்களுக்குத் தெரியாததா? மெல்லிசாகவும் நீளமாகவும் ஆக ஆகத் தடை கூடும். அதை அசைக்க வேண்டுமென்றால் சத்தத்தைத் தருகிற பெட்டியில் நிறைய வோல்டேஜ் வேண்டும். அவள் மேஜையில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் தரும். பிளேயருக்குள் இருப்பதோ குட்டி பேட்டரி. அது மூச்சு முட்ட நின்றிருக்கிறது, நீங்கள் காது போய்விட்டது என்று போர்வைக்குள் போயிருக்கிறீர்கள்.

"அப்போ மட்டமானதையே அனுப்பியிருக்கலாமே" என்றேன். பதினாறு ஓம் இயர்போன் என்றால் அந்த பிளேயரிலேயே சத்தமாகக் கேட்குமாம். ஆனால் அதைப் பெரிய மெஷினில் கொண்டுபோய்ச் செருகக் கூடாதாம். பெட்டிக்கும் ஒரு ஓம் இருக்கிறதாம். ஹெட்போனுடையது அதைப்போல எட்டு மடங்காவது இருந்தால்தான் குரல் அதன் வடிவத்திலேயே வருமாம். இல்லாவிட்டால் அடித்தொண்டை வீங்கிவிடும் என்கிறாள். நல்லது மட்டமானது என்று தனியாக ஒன்றும் இல்லையாம், எதை எதில் செருகுகிறோம் என்பதுதானாம். அவளுக்குத் தொழில், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள்.

நான் கேட்டுக்கொண்டே உங்களைத்தான் நினைத்தேன். உங்களுக்கும் முந்நூறு ஓம் இருக்கும். நான் இத்தனை வருஷமாகக் குட்டி பேட்டரியில் பேசியிருக்கிறேன்.

நான் என்ன கேட்டேன் என்பதைத் திரும்பச் சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொல்லவே அந்த அறையில் எவ்வளவு நேரம் மைக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? அது உங்களிடம்தான் இருக்கிறது. கேட்டுக்கொள்ளுங்கள். மகள் ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறாள், வர நாளாகும்.

நான்.


ஏப்ரல் 10

என் வீட்டுக்காரிக்கு,

ஆம்ப்ளிஃபயர் வேண்டாம் என்று மகளிடம் சொல். கேட்டுவிட்டேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றே பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு இயர்போன் வாங்கி பிளேயரில் செருகினேன். மகள் சொன்னது சரி. சத்தம் பிய்த்துக்கொண்டு வந்தது. கதை புரிந்தது, முதல் கொலையும் நடந்தது. ஆனால் குரல் ஓட்டைத் தகரத்தில் வந்த மாதிரி கரகரத்தது. இயர்போனும் காதில் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. நீ மைக்கை விட்டு விலகிச் சொன்ன இடம் வந்தபோது, தெருவில் போன லாரிதான் நன்றாகக் கேட்டது.

நேராக 'மைக்'கிடம் போனேன். கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவானே, நம் தெருக்கோடிக் கடைக்காரன், தெருவே மைக் என்று கூப்பிடுமே, அவன்தான். பிளேயரை ஒரு வயரால் அவனுடைய பெரிய பெட்டியோடு இணைத்து, இயர்போனை அதன் சின்ன ஓட்டையில் செருகச் சொன்னேன். கூடாது என்று நீ எழுதியிருந்தது நினைவிருந்தது. ஆனால் பொறுமை இல்லை. மகள் வாக்கு பலித்தது. பின்னால் உஸ்ஸென்று குக்கர் இரைச்சல், நடுவில் குடத்துக்குள்ளிருந்து ஒரு ஆம்பளைக் குரல். அது நீயாம்!

"ஐயா, நிறுத்துங்க, காது போயிடும்" என்று மைக் பிடுங்கிவிட்டான். "பெரிய ஹெட்போன் ஒண்ணு இருக்குன்னீங்களே, அதைக் கொண்டாங்க." கொண்டுபோனேன். இதற்குச் சின்ன ஓட்டை போதாது, பெரிய ஓட்டைதான் சரி என்றான்; ஆனால் ஹெட்போனின் முனை அதற்குச் சின்னதாக இருந்தது. "இதுக்கு மேல மாட்டற தடி பின் ஒண்ணு வந்திருக்கணுமே" என்றான்.

"தங்கக் கலர்லயா?"

"ஆமா."

"பின்பக்கம் ஓட்டையா?"

"ஆமாங்க. எங்க அது?"

"கடுதாசி மேல வெச்சிருக்கேன்."

மைக் என்னை ஒரு பார்வை பார்த்தான். "ஐயா, இது பெரிய பெட்டிக்கு உண்டான ஹெட்போனுன்னு அந்தப் பின்னே சொல்லுதே. அதைப் போய்க் கடுதாசி மேல வெச்சீங்களா?" நான் இந்த வயதில் மாடிப்படியில் ஓடினேன். பூட்டுக் கடைக்காரர், "கெடச்சிருச்சா?" என்று கத்தினார். கிடைத்துவிட்டது என்று நானும் கத்தினேன்.

பின்னை மாட்டி, ஹெட்போனைப் பெட்டியின் பெரிய ஓட்டையில் செருகினான். முதல் வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். இது வேறு யாரும் கேட்கக் கூடாதது என்றேன். "நான் எப்படிங்க கேப்பேன், காதுல மாட்டியிருக்கறது நீங்க" என்றான். ஆனாலும் வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு, வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நல்ல பையன். நாற்பது வயது இருக்கும்.

நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நீ பக்கம் திருப்புவது கேட்டது. கொலைகாரன் கதவைத் திறக்கும் இடத்தில் நீ எச்சில் விழுங்குவது கேட்டது. உன் குரலில் கீழே ஒரு கனம் இருக்கிறதே, பொய் சொல்லும்போது மட்டும் காணாமல் போகுமே, அது முழுசாக இருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து நீ பேசியதில் எவ்வளவு என் காதுக்கு வந்து சேர்ந்தது என்று கணக்குப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

பிறகு நாற்காலி நகர்ந்த சத்தம். நீ சொன்னாய்: "இந்தாங்க. இங்க ஒரு வருஷம் இருந்துடறேன்னு அவங்ககிட்ட சொல்லிடவா? எனக்கு இந்த வேல புடிச்சிருக்கு. ஆனா உங்களுக்கு வேணாம்னா, 'வா'ன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதுங்க. இப்பதான் எழுத வருதே. கையெழுத்துப் போடாம வந்துடறேன்."

அதற்குத்தான் நான், 'எனக்குச் சம்மதம், அப்படியே செய்' என்று எழுதியிருக்கிறேன்.

மைக்கின் கடையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அவன் கதவைத் தட்டி, "என்னங்க, பாட்டரி தீந்திருச்சா?" என்றான்.

வீட்டுக்கு வந்து அந்த வார்த்தையை ஒரு தாள் முழுக்க எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் வருகிறது. ஆனால் அதை இப்போது உனக்கு அனுப்ப மாட்டேன். அனுப்பினால் நீ கொடுத்த வாக்கை முறித்துக்கொண்டு வந்து நிற்பாய், பிடித்த வேலையை எனக்காக விட்டேன் என்று வாயால் சொல்லாமல் முகத்தால் சொல்வாய். தவிர, இரண்டாவது கொலையை யார் செய்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அதனால் வேறு வார்த்தை எழுதுகிறேன். வருகிறேன்.

ஒரு வருஷம் அங்கே இருக்க எனக்கு இடம் உண்டா? ரேடியோவைக் கொண்டுவர மாட்டேன். டீச்சரம்மா, அந்த ஊரிலும் வகுப்பு இருக்கும், விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். பெயிண்டர் எனக்குப் பெட்டியில் பெயர் எழுதித் தருவதாகச் சொன்னார். நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உன் பதில் வரும்வரை உட்கார மாட்டேன்.

இப்படிக்கு,
நான்.


ஏப்ரல் 16

உங்களுக்கு,

இடம் இருக்கிறது. மகளின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுவிட்டோம், ஆம்ப்ளிஃபயருக்கு எதிரிலேயே. அந்த நாற்காலி கிறீச்சிடும், எழுந்து எழுந்து உட்காரக் கூடாது. உங்களால் முடியாது என்று மகளிடம் சொல்லிவிட்டேன். எண்ணெய் போடுகிறேன் என்கிறாள்.

கம்பளிச் சட்டை, மாத்திரை, ஹெட்போன், இவற்றை மறக்காதீர்கள். தடித்த பின்னைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டுங்கள். ரேடியோவையும் கொண்டுவாருங்கள், சாயங்காலம் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். இந்த அமைதி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் வந்து இறங்கும் நேரத்தில் நான் படித்துக்கொண்டிருப்பேன். பஞ்சு அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தக் கதவைத் தட்டாதீர்கள். மகளின் மேஜைக்கு எதிரே அறைச் சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, அதன் வழியாக நான் தெரிவேன். மகள் உங்கள் தலையில் ஹெட்போனை மாட்டுவாள். இங்கே ஒரு பழக்கம் உண்டு. படிப்பவரின் குரல் நன்றாகக் கேட்டால், வெளியே இருப்பவர் கண்ணாடி வழியாகக் கட்டை விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

கேட்டுவிட்டுக் காட்டுங்கள்.

நான்.